மேல்விஷாரம், வட ஆற்காடு ஜில்லா

கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு இன்னும் விட்டபாடில்லை. பதில் போடுவதற்கு ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது வேறு விஷயம். மிஞ்சியிருக்கும் சிலரில் ஒருவர் மேல்விஷாரத்து நண்பர். தோல் வியாபாரக் குடும்பம். நாற்பது வருஷங்களுக்கு முன் என் நாவல் ஒன்றில், தோலைப் பதனிடும் காட்சியில் ஆவாரம்பட்டைக்கு முன்னால் கடுக்காயைச் சேர்த்து எழுதிவிட்டேன். "தாங்கள் எழுதியபடி செய்தால் தோல் தேறாது, கதை வேண்டுமானால் தேறலாம்" என்று ஒரு கார்டு வந்தது. அன்று பிடித்த சிநேகம்.

2019-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் வந்த கடிதத்தில் அவர் கண்டுபிடித்த குற்றம் கதையைப் பற்றியதல்ல, விலாசத்தைப் பற்றியது. "நவம்பர் 28-ஆம் தேதியிலிருந்து நாங்கள் ராணிப்பேட்டை மாவட்டம். இனிமேல் உறையில் வேலூர் என்று போட வேண்டாம். பின்கோடு மட்டும் பழையதே" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, என் கடித உறைகளையெல்லாம் ஒரு தகரப் பெட்டியிலிருந்து எடுத்துத் திண்ணையில் வரிசையாகப் பரப்பினார். ஆரம்பத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்'. 1989 செப்டம்பருக்குப் பிறகு 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்'. அந்த நீளத்துக்கு உறையில் இடம் போதாமல் எழுத்துக்கள் நெருங்கிக் கிடந்தன. அதற்கப்புறம் 'வேலூர் மாவட்டம்'. கடைசியில் ராணிப்பேட்டை.

"நான் பொறந்த வீட்டுத் திண்ணையை விட்டு நகரவே இல்லீங்க சார். உக்காந்த எடத்துல நாலு ஜில்லாவைப் பார்த்துட்டேன்" என்றார்.

அதோடு நிற்கவில்லை. பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் துணி ஒட்டிய காகிதம். அவருடைய பாட்டனார் கலெக்டருக்குப் போட்ட மனுவின் நகல். மேலே ஊர்ப் பெயர் மேல்விஷாரம். மனுப் போய்ச் சேர வேண்டிய இடம் சித்தூர்.

"நம்ம கலெக்டர் கச்சேரி அப்போ சித்தூர்ல இருந்தது, தெரியுமில்ல?"

தெரியும். ஆனால் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதற்கும், ஒருவர் வீட்டுத் தகரப் பெட்டியில் அந்தச் சங்கதி பல்லைக் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மனு எதைப் பற்றியது என்று கேட்டேன். பாலாற்றங்கரையில் ஒரு படுகை நிலம். தோல் காயப் போடுகிற களமும் ஒரு கிணறும் அதில் அடக்கம். அண்ணன் தம்பி இருவர். பட்டா தன் பெயருக்கு வேண்டும் என்று இருவருமே கலெக்டருக்கு எழுதிக்கொண்டார்கள். அண்ணன் வழியார் இன்று மேலண்டை வீட்டுக்காரர்கள். தம்பி வழியார் கீழண்டை வீட்டுக்காரர்கள். நண்பர் கீழண்டை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்துதான். ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேலாக இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. மையத்துக்குப் போவார்கள், நிக்காஹுக்குப் போக மாட்டார்கள்.

மனுவின் பேரில் உத்தரவு என்ன ஆயிற்று என்பதில்தான் சிக்கல். 'ஜில்லா பிரிந்த வருஷம்' உத்தரவு வந்தது என்று இரண்டு வீட்டிலும் சொல்கிறார்கள். அது தங்கள் பாட்டனார் பக்கம்தான் வந்தது என்றும் இரண்டு வீட்டிலும் சொல்கிறார்கள். காகிதம் ஒருவரிடமும் இல்லை.

விவகாரம் நடந்துகொண்டிருந்தபோது அந்தச் சகோதரர்கள் செய்த காரியத்தை நண்பர் சொன்னார். சித்தூருக்கு விசாரணைக்குப் போக வேண்டும். ரயிலில் காட்பாடி போய் மாறிப் போகலாம். ஆனால் மாட்டு வண்டியில் போனால் திரும்பும்போது அந்தப் பக்கத்துச் சந்தைகளில் ஆட்டுத்தோல் வாங்கி ஏற்றி வரலாம் அல்லவா? குடும்பத்தில் இருந்தது ஒரே வண்டி. ஆகையால் வாதியும் பிரதிவாதியும் ஒரே வண்டியில் ஏறி, ஒரே மூட்டைச் சோற்றைச் சாப்பிட்டுச் சித்தூர் சேர்ந்து, கச்சேரி வாசலில் இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்களாம். திரும்பி வரும்போது தோலுக்குப் போட்ட முதலைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்களாம். வியாபாரிகளின் மூளை எனக்கு எப்போதுமே ஆச்சரியம் தருவது.

இவ்வளவையும் நண்பர் ஏன் இப்போது கிளறுகிறார் என்பது போகப் போகத் தெரிந்தது. மேலண்டை வீட்டுப் பேத்திக்கும் கீழண்டை வீட்டுப் பேரனுக்கும் சம்பந்தம் பேசலாமா என்று ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. பேச்சை எழுப்பியவர்கள் பெரியவர்கள் அல்ல என்று ஊகித்துக்கொண்டேன். இரண்டு வீட்டுப் பெண்களும் சம்மதித்துவிட்டார்கள். மேலண்டை வீட்டுப் பெரியவர் மட்டும், "அந்த உத்தரவு கெடைக்கட்டும். பொய் சொன்னது யாரோட பாட்டன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பேசலாம்" என்று சொல்லியனுப்பிவிட்டார். நண்பரும், "பேஷா! நானும் அதையேதான் சொல்றேன்" என்று பதில் சொல்லியனுப்பிவிட்டார். சந்து எட்டடி அகலம்கூட இராது. நடுவே தூது போனது அந்தப் பேரன்தான்.

வேலூரில் ஒரு காரியாலயத்தில் ஏற்கெனவே விசாரித்திருந்தார்கள். 1911-க்கு முந்தியதென்றால் சித்தூரில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்களாம். "சித்தூர் போகலாம், வர்றீங்களா? உங்களுக்கு இங்கிலீஷ் கையெழுத்து படிக்க வரும்" என்றார் நண்பர். ஒப்புக்கொண்டேன். மறுநாள் காலை காரில் ஏறப் போனால், பின் ஸீட்டில் மேலண்டை வீட்டுப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது, வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத ஜிப்பா. "காயிதம் கெடைச்சு, அதை இவங்க மட்டும் பார்த்தாங்கன்னா எப்படி?" என்று என்னிடம் சொன்னார். நண்பர் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் டிரைவருக்குப் பக்கத்தில். மறுபடியும் ஒரே வண்டி!

ஆற்காடு அங்கிருந்து கூப்பிடு தூரந்தான். நவாபுகளின் கோட்டையில் பார்ப்பதற்கு மிஞ்சியிருப்பது ஆற்றோரத்து டில்லி வாசல். காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். 1751-இல் இருபத்தாறு வயதுகூட நிறையாத ராபர்ட் கிளைவ் இருநூறு வெள்ளைக்காரச் சிப்பாய்களையும் முந்நூறு சுதேசிச் சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு வந்து இந்த ஊரைப் பிடித்தான். சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப் ஐம்பது நாள் முற்றுகையிட்டும் அவனைக் கிளப்ப முடியவில்லை. 1780-இல் ஹைதர் அலி ஆற்காட்டைப் பிடித்தார். இத்தனை ரகளைக்கும் நடுவே நவாபு முகம்மதலி, 1768-இல் சென்னைச் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக்கொண்டு கடற்காற்று வாங்கினார். ஆற்காட்டு நவாபுக்கு ஆற்காடு வெறும் பட்டப்பெயராகிவிட்டது.

ஜில்லா பிறந்த கதை அந்த மாளிகையில்தான் நடக்கிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது அங்கே அகப்பட்ட கடிதங்களை வைத்து, நவாபுகள் திப்புவோடு இரகசியமாக உறவாடினார்கள் என்று கம்பெனியார் குற்றஞ்சாட்டினார்கள். 1801 ஜூலை நடுவில் நவாபு உம்தத்-உல்-உமரா இறந்துபோனார். ராஜ்யத்தை எழுதிக் கொடுக்க அவர் மகன் ஒப்பவில்லை. ஒப்புகிறவராக வேறொருவரை, அஸீம்-உத்-தௌலாவை, நவாபாக்கினார்கள். ஜூலை 31-ஆம் தேதி கையெழுத்தாயிற்று. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு, நாடு கம்பெனிக்கு. சாவு வீட்டில் பதினாறாம் நாள் ஆவதற்குள் சொத்தை எழுதி வாங்கிய கதைதான். அப்படி வாங்கிய நாட்டிலிருந்துதான் வட ஆற்காடு, தென்னாற்காடு என்ற ஜில்லாக்கள் உண்டாயின.

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களோ? ஆற்காட்டின் பெயர் இரண்டு பெரிய ஜில்லாக்களுக்கு. ஆனால் வட ஆற்காட்டுக் கலெக்டர் இருந்தது சித்தூரில், பிறகு வேலூரில். தென்னாற்காட்டுக் கலெக்டர் இருந்தது கடலூரில். ஆற்காட்டுக்குக் கச்சேரி வரவேயில்லை. பிறகு பெயரும் போய்விட்டது. 1993-இல் தென்னாற்காடு பிரிந்து கடலூரும் விழுப்புரமும் ஆயின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வடக்கே எஞ்சியிருந்த 'வட ஆற்காடு' வேலூர் என்று மாறிவிட்டது. இன்று ஆற்காடு ஒரு தாலுகா. நல்ல மக்கன் பேடா கிடைக்கும் ஊர். நானும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டேன். பின்னால் திரும்பி நீட்டினேன். "சர்க்கரை" என்றார் நண்பர். "எனக்கும்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் பெரியவர். நூறு வருஷத்தில் இரண்டு வீடும் ஒத்துக்கொண்ட முதல் விஷயமாக இருக்க வேண்டும்.

பாலத்தைத் தாண்டினால் ராணிப்பேட்டை. கீழே பாலாறு மணலும் முள்ளுமாகக் கிடந்தது.

"அதோ, அந்தப் பக்கந்தான் சார் நெலம்" என்று நண்பர் மேற்கே கையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் மேக்கால" என்று பெரியவர் என்னிடம் திருத்தினார்.

எனக்கு இரண்டு இடத்திலும் சீமைக் கருவேல மரங்கள்தாம் தெரிந்தன. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கொஞ்சம் தொட்டு, தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று தோல் பதனிடும் ஊர்களாகவே பார்த்து வருகிற ஆறு இது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்தில் ஆறு அதைப் பொறுத்துக்கொண்டது. குரோம் உப்பும் இயந்திரங்களும் வந்து, தோலும் பல மடங்கு பெருகியபின் பொறுக்கவில்லை. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு, வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், அழுக்குப் பண்ணியவனே அதற்கு விலையும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நண்பர் அந்த வருஷம் எனக்கு எழுதிய கடிதங்களில் கோபம் நிறைய இருந்தது. "தொழிலையே மூடச் சொல்கிறார்கள்" என்று எழுதினார். பிறகு ஒரு கடிதத்தில், "எங்கள் கிணற்றுத் தண்ணீரை நாங்களே குடிப்பதில்லை, உண்மையைச் சொன்னால் என்ன?" என்றும் எழுதினார். பாட்டனார்கள் சண்டையிட்டுக்கொண்டது வாஸ்தவத்தில் நிலத்துக்காக அல்ல, அந்தக் கிணற்றுத் தண்ணீருக்காகத்தான். தோலை ஊறவைக்கத் தண்ணீர் வேண்டும். நிலம் இருக்கிறது, சண்டைக்குக் காரணமான தண்ணீர்தான் இல்லை.

புது ஜில்லாவின் தலைநகரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதை நமக்குத் தெரியும். கப்பம் கட்ட மறுத்து, 1714-இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் சேனையோடு பொருதி மாண்ட வாலிபன். கூடவே மாண்டவன் அவன் உயிர்த்தோழன், ஒரு முஸ்லிம் வீரன். தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். பகைவனின் மனைவியுடைய அந்தச் செயலை மெச்சி, அவள் நினைவாக நவாபு பாலாற்றின் வடகரையில் ஓர் ஊரை ஏற்படுத்தி ராணிப்பேட்டை என்று பெயரிட்டார் என்பது ஐதிகம். ஊர் உண்டானது 1771 என்று சில இடங்களில் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சாதத்துல்லா கான் 1732-இலேயே காலமாகிவிட்டார். யாரோ எங்கோ ஓர் எண்ணைப் புரட்டிப் போட, மற்றவர்கள் அதைப் பார்த்தே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பெண்ணை நெருப்பில் இட்டுவிட்டு ஊருக்கு அவள் பெயரை வைக்கும் மரியாதையில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. ஆயினும் 2019-இல் இந்த ஜில்லாவின் முதல் கலெக்டராக வந்து உட்கார்ந்தவர் ஒரு பெண், திவ்யதர்ஷினி என்பவர். அது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

ஜில்லாவைப் பிரித்ததற்கு நியாயம் இருந்தது. 2011 ஜனக்கணக்கில் வேலூர் மாவட்டத்தின் ஜனத்தொகை 39 லட்சத்துக்கு மேல். கிழக்கே அரக்கோணம் ரயில் சந்திப்பு, மேற்கே திருப்பத்தூர் சந்தனக் காடு. இவ்வளவுக்கும் ஒரே கலெக்டர். 2019 சுதந்திர தினத்தன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரிவினையை அறிவித்தார். நவம்பர் 28-இல் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் சேர்ந்து உதயமாயின. இந்த மாநிலத்தின் 35-ஆவது, 36-ஆவது மாவட்டங்கள். மேல்விஷாரத்துக்காரர்களுக்கு வேலூர் 20 கிலோமீட்டர். ராணிப்பேட்டை பாலத்தைத் தாண்டினால் வந்துவிடுகிறது. 'கலெக்டரைப் பார்க்கச் சைக்கிளில் போகலாம்' என்று நண்பர் எழுதியிருந்தார். அவர் பாட்டனாருக்கு 40 கிலோமீட்டர் மாட்டு வண்டி.

ராணிப்பேட்டையிலிருந்து வடக்கே போகும் சாலை சித்தூர், கடப்பை வழியாகக் கர்நூல் வரை போகிறது. சேர்க்காடு வரும்போது வேலூர் மாவட்டத்துக்குள் புகுந்துவிடுகிறோம். கொஞ்ச நேரத்தில் ஆந்திரம். மாட்டு வண்டி போன காலத்தில் இவ்வளவும் ஒரே ஜில்லா. இன்று மூன்று ஜில்லா, இரண்டு மாநிலம்.

1911 ஏப்ரல் முதல் தேதி சர்க்கார் வட ஆற்காட்டை அறுத்தது. சித்தூர், பலமனேர், சந்திரகிரி முதலிய தாலுகாக்களை எடுத்து, கடப்பை ஜில்லாவிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு இரண்டையும் கூட்டிச் சித்தூர் ஜில்லா என்று புதிதாக ஒன்று செய்தார்கள். தலைநகரை இழந்த வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகரம் ஆயிற்று. நஷ்டத்துக்கு ஈடாகத் தென்னாற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் சேலத்திலிருந்து திருப்பத்தூரும் வந்து சேர்ந்தன. வந்தவை தங்கினவோ என்றால், திருவண்ணாமலை 1989-இல் தனியே போயிற்று. திருப்பத்தூர் 2019-இல் போயிற்று.

அன்றைக்கு இது ஆபீஸ் சௌகரியத்துக்காகப் போட்ட கோடு. இந்தப் பக்கமும் சென்னை ராஜதானி, அந்தப் பக்கமும் சென்னை ராஜதானி. கோட்டைப் பற்றி யாரும் அதிகமாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். 42 வருஷம் கழித்து அது ராஜ்ய எல்லை ஆகிவிட்டது! 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர் விட்டார். 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் ஏற்பட்டது. சித்தூர் ஜில்லா முழுவதும், திருப்பதியோடும் திருத்தணியோடும், அந்தப் பக்கம் போயிற்று. ம. பொ. சிவஞானமும் அவருடைய தமிழரசுக் கழகத்தாரும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள், சிறை சென்றார்கள். முடிவில் பட்டாஸ்கர் என்பவரை மத்தியஸ்தராக வைத்து, கிராமம் கிராமமாக எந்தப் பாஷை பேசுகிறவர்கள் அதிகம் என்று பார்த்துப் பிரித்தார்கள். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. சில கிராமங்கள் இங்கிருந்து அங்கே போயின. இரண்டு தடவையும் ஏப்ரல் முதல் தேதிதானா என்று கேட்காதீர்கள். சர்க்காருக்கு அது வருஷப் பிறப்பு.

டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில் பிறந்தபோது அது வட ஆற்காடு ஜில்லா. அவர் காலேஜில் வாத்தியாராக இருந்தபோது சித்தூர் ஜில்லா ஆயிற்று. உபராஷ்டிரபதியாக இருந்தபோது அவர் பிறந்த ஊர் ஆந்திரத்துக்குப் போய், அதே பதவியில் இருந்தபோதே செங்கற்பட்டு ஜில்லாவாகத் திரும்பி வந்தது. என் நண்பர் திண்ணையில் உட்கார்ந்து நான்கு ஜில்லா பார்த்ததைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

காரில் இதையெல்லாம் நான் பேசிக்கொண்டு போனேன். பின்னாலிருந்து பெரியவர், "பாஷையைப் பார்த்துப் பிரிச்சாங்கன்னா, எங்களை எதுல சேர்ப்பாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேல்விஷாரத்து முஸ்லிம்கள் வீட்டில் பேசுவது தமிழ். ஓதுவது அரபி. பெரியவர் பள்ளியில் படித்தது உருது. ஆந்திரத்து ஆட்டுத் தோல் தரகர்களிடம் பேரம் பேசத் தெலுங்கு. லண்டனுக்குச் சரக்கு அனுப்ப இங்கிலீஷ். "கடப்பைத் தோல் வரலேன்னா எங்க ஊர்ல அடுப்பு எரியாது. 1953-ல ராஜ்யம் பிரிஞ்சப்போ எங்க அத்தா மண்டியை மூடிட்டு ரெண்டு நாள் சும்மா இருந்தாரு. மூணாம் நாள் தெலுங்குத் தரகர் பழையபடி வண்டியோட வந்து நின்னாரு. 'ராஜ்யம் வேறயாம், ஆடு அதேதான்'னாராம்."

நண்பர் சிரித்துவிட்டார். பெரியவர் பேச்சுக்கு அவர் சிரித்தது அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லை தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டை என்ற இடத்தில்தான் ஹைதர் அலி 1782 டிசம்பரில் பாசறையில் இறந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன், இருவரும் தூங்கிப்போயிருந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார் என்று எழுதினால் கதையாகிவிடும். ஆளுக்கொரு ஜன்னலில்தான் சாய்ந்திருந்தார்கள்.

சித்தூரில் டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே தமிழில் பேசினார். நாங்கள் போன காரியாலயத்திலும் ஒரு நடுத்தர வயது உத்தியோகஸ்தர், தெலுங்கர், தமிழில் அன்பாகவே விசாரித்தார். துணி ஒட்டிய காகிதத்தைக் கையில் வாங்கி, ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஜில்லா பிரிஞ்சப்போ உங்க தாலுகாக் காகிதமெல்லாம் உங்க பக்கம் போயிருக்குமே சார். இது வேலூர்ல இல்ல இருக்கணும்?"

"வேலூர்ல, சித்தூர்ங்கறாங்க" என்றார் நண்பர்.

"நாங்களே இப்போ பிரிஞ்சுதான் இருக்கோம்" என்று அவர் சிரித்தார். 2022 ஏப்ரலில் ஆந்திரத்திலும் ஜில்லாக்களை உடைத்தார்கள். 1911-இல் நம்மைப் பிரிந்துபோன சித்தூரிலிருந்து திருப்பதி தனி ஜில்லாவாயிற்று. மதனப்பள்ளிப் பக்கமும் போய்விட்டது. எந்தக் கட்டு எந்த அறைக்கு என்று பிரிப்பதே பெரிய வேலை என்றார். எங்களுக்காக ஒரு பழைய ஜாபிதாவை எடுத்துவரச் சொல்லி, ஒரு மணி நேரம் விரலை வைத்துத் தேடவும் செய்தார். மேல்விஷாரம் என்ற பெயர் அதில் இல்லை.

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு மணி நேரமும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். காகிதம் கிடைத்து, அதில் தம் பாட்டனார் பொய்யராகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கும். நண்பருக்கும் இருந்தது, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார். ஜாபிதாவின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி முடித்து, "லேது" என்று உத்தியோகஸ்தர் தம் பாஷையில் சொன்னபோது, இருவரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். ஏமாற்றத்தில் விட்ட மூச்சு என்று எனக்குத் தோன்றவில்லை.

எழுந்து வாசல் வரை வந்த உத்தியோகஸ்தர், "பழைய காகிதங்கள் மெட்ராஸ் ரிக்கார்டு ஆபீஸுக்கும் போயிருக்கும். எழும்பூர்ல கேட்டுப் பாருங்க" என்றார்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தி, நண்பர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டோம். மூன்று தட்டுத்தான் இருந்தது. டிரைவர் முதலில் சாப்பிடட்டும் என்றார் பெரியவர். நானும் டிரைவரும் ஆளுக்கொரு தட்டு எடுத்துக்கொண்டோம். மிச்சமிருந்த தட்டு ஒன்று. அதை நண்பர் பெரியவர் முன்னால் வைத்தார். பெரியவர் சோற்றைப் பிசைந்தார். தட்டை நடுவே நகர்த்தினார். அவர்கள் வழக்கத்தில் ஒரே தட்டில் சாப்பிடுவது புதிதல்ல. ஆனால் இந்த இரண்டு வீட்டுக்கு அது புதிதுதான் என்பதால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். கடைசியில் நான் மக்கன் பேடா டப்பாவைத் திறந்து வைத்தேன். இந்தத் தடவை ஒருவரும் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசவில்லை.

கார் பாலத்தில் ஏறியபோது பெரியவர் வெளியே பார்த்துக்கொண்டே, "எழும்பூர்ன்னா பெரியமேட்டுக்குப் பக்கந்தானே?" என்று கேட்டார். கேட்டது என்னையா, நண்பரையா என்று தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

பெரியமேடு சென்னையில் இவர்களுடைய இரண்டாவது ஊர். தோல் மண்டிகள் எல்லாம் அங்கேதான். மேல்விஷாரத்துக்காரர்கள் பட்டணம் போனால் தங்குவதற்கு, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே சித்திக் சராய் இருக்கிறது. இவர்கள் ஊர் வள்ளல் நவாப் அப்துல் ஹக்கீம் கட்டியது. ஊரில் உள்ள காலேஜுக்கும் அவர் பெயர்தான். பேரன் படித்தது அவர் பெயரில் உள்ள எஞ்சினீயரிங் காலேஜில்.

"பக்கந்தான் அண்ணே" என்றார் நண்பர். "எனக்கும் மண்டியில ஒரு வேலை இருக்குது. வர்ற புதன்கிழமை போலாமா?"

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ரயிலுக்கு எதுக்குத் தெண்டம்? ஒரே கார்ல போயிடலாம்" என்றார்.